ஜப்தி ஆகும் பஸ்ஸும் நாம் கையெழுத்துப் போடும் கடிதமும்

மூன்றாம் வருஷத்தைத் தாண்டிய எல்லாருக்கும் தெரிந்த காகிதம் அது. ஐ.வி. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னாடி கிளாஸ் ரெப் கட்டாகக் கொண்டுவந்து விநியோகிப்பான். "என் மகன் இந்தத் தொழிற்சாலைப் பயணத்தில் கலந்துகொள்ளச் சம்மதிக்கிறேன். பயணத்தின்போது ஏதேனும் அசம்பாவிதம் நேர்ந்தால் கல்லூரி நிர்வாகம் எந்த வகையிலும் பொறுப்பல்ல." கீழே பெற்றோர் கையொப்பம். பாதிப் பேர் அதை வீட்டுக்கே கொண்டுபோக மாட்டோம். மாடம்பாக்கம் பஸ் ஸ்டாப்பில் பையை மடியில் வைத்து, அப்பாவின் கையெழுத்தை நாமே போட்டுவிடுவோம். அந்தப் பாதியில் நானும் ஒருத்தன்.

போன செமஸ்டர் அப்படி எழுதிக்கொண்டிருந்தபோது எங்கள் கல்லூரி பஸ்ஸும், அதன் பின்னாலேயே ஒரு எம்.டி.சி. பஸ்ஸும் வந்து நின்றன. பக்கத்தில் இருந்த நண்பன் போகிற போக்கில் சொன்னான்: "நம்ம பஸ்ஸுக்காவது இன்சூரன்ஸ் இருக்கு. கவர்மெண்ட் பஸ்ஸுக்கு அதுவும் கிடையாதுடா."

நான் நம்பவில்லை. கேம்ப் ரோடு சிக்னலில் ஹெல்மெட்டோடு சேர்த்து இன்சூரன்ஸ் பேப்பரையும் கேட்கிற ஊரில், அறுபது எழுபது பேரை ஏற்றிக்கொண்டு போகிற பஸ்ஸுக்கு இன்சூரன்ஸ் இல்லையா? தேடிப் பார்த்தேன். அவன் சொன்னது பாதி சரி. மீதிப் பாதி, நாம் கையெழுத்துப் போடுகிற அந்தக் கடிதம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனது.

கவர்மெண்ட் பஸ்ஸுக்கு யார் இன்சூரன்ஸ்?

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆவது பிரிவு, பொதுச் சாலையில் ஓடும் எந்த வண்டிக்கும் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம் என்கிறது. உங்கள் வண்டி அடுத்தவர் மேல் மோதினால், அவருக்குப் போய்ச் சேரவேண்டிய இழப்பீட்டுக்கான காப்பீடு அது. உங்கள் ஸ்ப்ளெண்டருக்கும் கல்லூரி பஸ்ஸுக்கும் ஒரே விதிதான்.

ஆனால் அதே பிரிவின் மூன்றாம் உட்பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. அரசுப் போக்குவரத்துக் கழகம், உள்ளாட்சி அமைப்பு போன்றவற்றின் வண்டிகளுக்கு இந்தக் கட்டாயத்திலிருந்து அரசு விலக்கு அளிக்கலாம். அதற்கு நிபந்தனை ஒன்றுதான்: விபத்து இழப்பீடு கொடுப்பதற்கென்று அந்த அமைப்பு தனியாக ஒரு நிதியை ஏற்படுத்தி, விதிகளின்படி அதைப் பராமரித்து வரவேண்டும்.

அதாவது, "இன்சூரன்ஸ் கம்பெனிக்கு பிரீமியம் கட்ட வேண்டாம். அந்தப் பணத்தை நீயே ஒரு உண்டியலில் போட்டு வை. விபத்து நடந்தால் அதிலிருந்து எடுத்துக் கொடு." இதற்குப் பெயர்தான் சுய காப்பீடு. தமிழ்நாட்டில் எம்.டி.சி.யையும் சேர்த்து 8 அரசுப் போக்குவரத்துக் கழகங்கள். எல்லாம் சேர்ந்து சுமார் 20,000 பஸ்கள். நீண்ட காலமாக இவை ஓடுவது இந்த ஏற்பாட்டில்தான்.

ஆக, கவர்மெண்ட் பஸ்ஸுக்கு இன்சூரன்ஸ் இல்லை என்பது தப்பு. இன்சூரன்ஸ் கம்பெனிதான் இல்லை. அந்த இடத்தில் கழகமே உட்கார்ந்திருக்கிறது.

எண்ணிக்கை பெருசானால் என்ன நடக்கிறது?

இதில் என்ன லாபம்? இன்சூரன்ஸ் கம்பெனி வாங்கும் பிரீமியத்தில் நஷ்ட ஈட்டுக்குப் போகும் பங்கு மட்டுமா இருக்கிறது? ஏஜெண்ட் கமிஷன், ஆபீஸ் செலவு, கம்பெனியின் லாபம் எல்லாம் உள்ளே இருக்கிறது. அதை மிச்சப்படுத்தலாம். ஆனால் எல்லாராலும் முடியாது. ஏன் முடியாது என்பதற்கு நாலாம் செமஸ்டர் ப்ராபபிலிட்டி போதும்.

ஒரு கணக்குக்காக மட்டும் வைத்துக்கொள்வோம்: ஒரு பஸ் ஒரு வருஷத்தில் பெரிய விபத்தில் சிக்க நூற்றில் ஒரு வாய்ப்பு. விபத்து ஒன்றுக்கு 10 லட்சம் இழப்பீடு.

20,000 பஸ் உள்ள கழகத்துக்கு வருஷத்துக்குச் சராசரி 200 விபத்து. ஸ்டாண்டர்ட் டீவியேஷன் போட்டுப் பாருங்கள், சுமார் 14 வரும். அதாவது சராசரியில் 7 சதவீதம். ஒரு வருஷம் 190, இன்னொரு வருஷம் 212 என்று இந்தப் பக்கம் அந்தப் பக்கம் கொஞ்சம் ஆடும், அவ்வளவுதான். அடுத்த வருஷம் எவ்வளவு ஆகும் என்று கிட்டத்தட்ட இப்போதே சொல்லிவிடலாம். கரண்ட் பில் மாதிரி பட்ஜெட்டில் எழுதிவிடலாம்.

இப்போது 40 பஸ் வைத்திருக்கும் ஒரு கல்லூரியை எடுங்கள். சராசரி 0.4 விபத்து. டீவியேஷன் சுமார் 0.63. சராசரியைவிட ஆட்டம் பெரியது! ஒரு விபத்துமே நடக்காமல் போக 67 சதவீத வாய்ப்பு. மூன்று வருஷத்தில் இரண்டு வருஷம் உண்டியலைத் தொடவே வேண்டாம். அங்கேதான் ஆபத்து. "சும்மா கிடக்கிற பணம்தானே, புது பிளாக்குக்குப் போட்டுக்கலாம்" என்று யாருக்காவது தோன்றும். ஆனால் ஒரே வருஷத்தில் இரண்டோ அதற்கு மேலோ விபத்து நடக்க 6 சதவீத வாய்ப்பும் இருக்கிறது. சராசரிச் செலவு 4 லட்சம் என்று ஒதுக்கி வைத்தவனிடம் அன்றைக்கு 20 லட்சம் கேட்பார்கள்.

சின்ன அமைப்பு இன்சூரன்ஸ் வாங்குவதும், பெரிய அமைப்பு தானே இன்சூரன்ஸ் ஆவதும் இதனால்தான். கணக்கு சரி. நடப்பு எப்படி?

பஸ் ஸ்டாண்டுக்கு வரும் அமீனா

"இழப்பீடு வழங்காததால் அரசுப் பேருந்து ஜப்தி." இந்தத் தலைப்பில் செய்தி படிக்காதவர் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. மாவட்டம் மாறும், பஸ் ரூட் மாறும், கதை மாறாது.

விபத்தில் ஒருவர் இறந்துபோகிறார், அல்லது கை கால் போகிறது. குடும்பம் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகிறது. வருஷக்கணக்கில் வழக்கு நடந்து, இவ்வளவு லட்சம், இத்தனை சதவீத வட்டியோடு கொடு என்று தீர்ப்பு வருகிறது. எதிர்த் தரப்பில் இன்சூரன்ஸ் கம்பெனி இருந்தால், தீர்ப்புக்குப் பிறகு பணம் வாங்குவது ஓரளவு நேரான வேலை. எதிரில் இருப்பது கழகம். அதன் உண்டியலில் பணம் இல்லை, அல்லது அந்தப் பணம் வேறு அவசரச் செலவுக்குப் போய்விட்டது. மாதங்கள் ஓடுகின்றன. குடும்பம் மறுபடியும் கோர்ட்டுக்குப் போய் நிறைவேற்று மனு போடுகிறது. நீதிபதி ஜப்தி உத்தரவு போடுகிறார். கோர்ட் அமீனா பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, கிளம்பத் தயாராக நிற்கும் ஒரு பஸ்ஸில் நோட்டீஸ் ஒட்டி, அதைக் கோர்ட் வளாகத்துக்கு ஓட்டிப் போகச் சொல்கிறார். ஏறி உட்கார்ந்த ஜனங்கள் இறங்கி அடுத்த பஸ்ஸைத் தேடுகிறார்கள்.

பல நேரங்களில் அந்த பஸ்ஸுக்கும் விபத்துக்கும் சம்பந்தமே இருக்காது. கழகத்தின் சொத்து என்பதால் கையில் கிடைத்ததைப் பிடிக்கிறார்கள். இதில் இன்னொரு கொடுமையும் இருக்கிறது. ஜப்தி ஆன பஸ் அன்றைக்கு ஓடாது. கலெக்ஷன் இல்லை. உண்டியலை நிரப்ப வேண்டிய வண்டியே உண்டியல் காலியானதற்காகக் கோர்ட் வாசலில் நிற்கிறது.

சட்டத்தில் இருக்கிற "நிதியை ஏற்படுத்தி, பராமரித்து" என்ற இரண்டு சொற்களில் ஏற்படுத்துவது சுலபம். பராமரிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இன்சூரன்ஸ் கம்பெனி பணம் வைத்திருக்கிறதா என்று பார்க்க ஐ.ஆர்.டி.ஏ.ஐ. என்று ஒரு கண்காணிப்பு அமைப்பு உண்டு. தனக்குத் தானே இன்சூரன்ஸ் என்று சொல்லிக்கொள்பவரை யார் பார்ப்பது? கடைசியில் அமீனாதான் பார்க்கிறார்.

பல்கலைக்கழகம் இதை எப்படிச் செய்கிறது?

இதே ஏற்பாட்டைப் பல்கலைக்கழகங்களும் செய்கின்றன. லேபில் வெடிவிபத்து, ஹாஸ்டல் மாடிப்படியில் விழுந்தவர், பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் தப்பான சிகிச்சை, வளாகத்தில் நடந்த பாலியல் குற்றத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டது என்று நஷ்ட ஈட்டு வழக்குகள் எல்லாப் பக்கமிருந்தும் வரும்.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் நல்ல உதாரணம். 10 வளாகங்கள், பெரிய மருத்துவமனைகள், லட்சக்கணக்கான ஆட்கள். நம் போக்குவரத்துக் கழகம் மாதிரி, எண்ணிக்கை பெருசு என்பதால் தனக்குத் தானே காப்பீடு செய்துகொள்கிறது. பொதுப் பொறுப்பு, வாகனம், ஊழியர் காயம், மருத்துவப் பிழை என்று தனித்தனித் திட்டங்கள். முந்தைய வருஷங்களின் வழக்குகளை வைத்து ஆக்சுவரிகள் கணக்குப் போட, வளாகங்கள் தங்கள் பங்கைக் கட்டுகின்றன. ஒரு வளாகத்தில் விபத்து கூடினால் அதன் பங்கும் கூடும்.

அது மட்டும் இல்லை. ஃபியட் லக்ஸ் என்று சொந்தமாக ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியையே அந்தப் பல்கலைக்கழகம் வைத்திருக்கிறது. 'ஒளி உண்டாகட்டும்' என்று அர்த்தம். பல்கலைக்கழகத்தின் இலட்சிய வாசகமும் அதுவே. இப்படித் தாய் நிறுவனத்துக்காக மட்டும் நடக்கும் கம்பெனிக்கு கேப்டிவ் என்று பெயர்.

எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொள்வதும் கிடையாது. பொதுவாக இந்த ஏற்பாடு மாடி மாடியாக இருக்கும். தரைத்தளம்: சின்னச் சின்ன கிளெய்ம்கள், சொந்த நிதியிலிருந்து. அதற்கு மேல் கேப்டிவ். அதற்கும் மேலே, எப்போதாவது வரும் பெரிய அடிக்கு வெளிச் சந்தையில் வாங்கிய காப்பீடு. அடிக்கடி வருவதை நீயே கட்டு, அபூர்வமாக வந்து ஆளையே சாய்ப்பதை விற்றுவிடு. இதுதான் சூத்திரம்.

மேல் மாடி எதற்கு என்று கேட்டால், 2022-ஐப் பார்க்கலாம். யூ.சி.எல்.ஏ.வில் வேலை பார்த்த ஒரு முன்னாள் மகப்பேறு மருத்துவர் மீதான பாலியல் புகார் வழக்குகளில் பல்கலைக்கழகம் ஒத்துக்கொண்ட மொத்தத் தொகை அந்த வருஷம் 70 கோடி டாலரை நெருங்கியது. ஒரே ஒரு ஆளால் வந்த கடன்.

அவ்வளவு பெரிசாக இல்லாத பல்கலைக்கழகங்கள் என்ன செய்யும்? 1980-களின் நடுவில் வட அமெரிக்காவில் பொறுப்புக் காப்பீட்டின் பிரீமியம் ராக்கெட் மாதிரி ஏறியது. கனடாவின் பல்கலைக்கழகங்கள் 1988-ல் கூட்டாகச் சேர்ந்து, ஒருவருக்கொருவர் காப்பீடு செய்துகொள்ளும் க்யூரி என்ற அமைப்பைத் தொடங்கின. நம் ஊர்ச் சீட்டு மாதிரி நினைத்துக்கொள்ளலாம். தனித்தனியாக 40 பஸ் வைத்திருப்பவர்கள் ஒன்றாகச் சேர்ந்து பெரிய எண்ணிக்கை ஆகிவிடுகிறார்கள்.

நம்ம ஊரில் மூன்றாவது வழி

இப்போது மாடம்பாக்கம் பஸ் ஸ்டாப்புக்குத் திரும்புவோம். காப்பீடு வாங்குவது ஒரு வழி, தானே நிதி வைப்பது இன்னொரு வழி. "நிர்வாகம் பொறுப்பல்ல" என்று எழுதி வாங்கிக்கொள்வது மூன்றாவது வழி. இதற்குச் செலவு ஒரு ஜெராக்ஸ் காசுதான். ஆனால் இது வேலை செய்யுமா?

2014 ஜூன் 8. ஹைதராபாத்தைச் சேர்ந்த ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்கள் இமாச்சலப் பிரதேசத்துக்குக் கல்விச் சுற்றுலா போயிருந்தார்கள். நம்மை மாதிரி ஐ.வி. போனவர்கள்தான். மண்டி மாவட்டத்தில் பியாஸ் ஆற்றில் இறங்கி பாறைகளின் மேல் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது, மேலே லார்ஜி அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடப்பட்டது. 24 மாணவ மாணவிகளும் கூடப் போன சுற்றுலா ஏற்பாட்டாளர் ஒருவரும் இறந்துபோனார்கள்.

இமாச்சல் உயர் நீதிமன்றம் 2016 ஜனவரியில் தீர்ப்பு சொன்னது. ஒவ்வொரு மாணவர் குடும்பத்துக்கும் 20 லட்சம் ரூபாய், வட்டி தனி. அதை யார் கட்டுவது என்பதிலும் தெளிவாக இருந்தது: அணையை நடத்திய மாநில மின்வாரியம் 60 சதவீதம், கல்லூரி 30 சதவீதம், மாநில அரசு 10 சதவீதம். தண்ணீரைத் திறந்தது கல்லூரி இல்லை. ஆனாலும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனவருக்கு அவர்களைப் பார்த்துக்கொள்ளும் கடமை உண்டு. கணக்குப் போட்டால் ஒரு மாணவருக்கு 6 லட்சம் வீதம், 24 பேருக்குக் கல்லூரியின் பங்கு வட்டி இல்லாமலே 1 கோடியே 44 லட்சம்.

இது முதல் தடவையும் இல்லை. 1995-ல் இதே பியாஸ் ஆற்றில், பள்ளிப் பிக்னிக் போன 14 குழந்தைகள் மூழ்கி இறந்தார்கள். அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2001-ல் குழந்தை ஒன்றுக்கு 5 லட்சம் இழப்பீடு உறுதியானது. கவனக்குறைவு நிரூபணமானால் நிறுவனம் கட்டித்தான் ஆகவேண்டும். நாம் கொடுத்த கடிதம் ஃபைலில் இருப்பதால் மட்டும் அந்தக் கடமை காணாமல் போய்விடாது.

இங்கே பலரும் குழம்பும் விஷயம் ஒன்று. பல கல்லூரிகளின் ஃபீஸ் ரசீதில் 'இன்சூரன்ஸ்' என்று ஒரு சின்ன வரி இருக்கும். அது பெரும்பாலும் குழு விபத்துக் காப்பீடு. தப்பு யார் மேல் என்று கேட்காமல், முன்பே முடிவான ஒரு தொகையைக் கொடுக்கும். கல்லூரியின் கவனக்குறைவுக்குக் கோர்ட் போடும் தொகையைக் கட்டுவது பொறுப்புக் காப்பீடு. அது வேறு பாலிசி. முதலாவது இருப்பதால் இரண்டாவதும் இருக்கிறது என்று அர்த்தம் இல்லை.

ஆக, கடிதம் மட்டும் வைத்திருக்கும் நிறுவனமும் தனக்குத் தானே இன்சூரன்ஸ்தான். என்ன, உண்டியல் இல்லாத சுய காப்பீடு. தீர்ப்பு வருகிற அன்றைக்கு அந்தப் பணம் எங்கிருந்து வரும்? ஒன்று, அடுத்த வருஷ மாணவர்களின் ஃபீஸிலிருந்து. இல்லையென்றால், குடும்பம் நிறைவேற்று மனுவோடு அலையும் வருஷங்களிலிருந்து.

ஓட்டையை யார் அடைப்பது?

பணம் கொடுப்பதோடு கதை முடிவதில்லை. நம் பக்கத்திலேயே நடந்த ஒன்று. 2012 ஜூலை 25-ஆம் தேதி, தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில், சேலையூர்ப் பள்ளி ஒன்றில் இரண்டாம் வகுப்பு படித்த குழந்தை, ஓடிக்கொண்டிருந்த பள்ளி பஸ்ஸின் தரையில் இருந்த ஓட்டை வழியே விழுந்து இறந்தது. சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அதே வருஷம் தமிழ்நாட்டில் பள்ளி வாகனங்களுக்கென்று சிறப்பு விதிகள் வந்தன. இந்தப் பக்கத்துக்காரர்கள் பலரால் இன்றைக்கும் ஸ்கூல் பஸ்ஸைப் பார்த்தால் தரையைப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை.

ஒரு பாலிசி அந்த ஓட்டையை அடைத்திருக்காது. ஒழுங்காக நடக்கும் சுய காப்பீட்டின் உண்மையான பலன் இங்கேதான். அடுத்த விபத்துக்கான பணம் தன் பையிலிருந்துதான் போகும் என்று தெரிந்தவர், பலகை போட்டு ஓட்டையை அடைப்பது மலிவு என்று கணக்குப் போடுவார். கலிஃபோர்னியாவில் விபத்து கூடிய வளாகத்தின் பங்கைக் கூட்டுவதும் அதற்குத்தான். நம் டிபார்ட்மெண்ட் ஒவ்வொன்றும் தன் லேபில் நடந்த விபத்துக்குத் தன் பட்ஜெட்டிலிருந்து கட்டவேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷக்கணக்கில் எக்ஸ்பயரி ஆகிச் சுவரில் தொங்கும் தீயணைப்பு சிலிண்டர் ஒரே வாரத்தில் மாறிவிடும்.

அடுத்த ஐ.வி.க்கு முன்னால்

கடிதம் கொடுக்க மாட்டோம் என்று யாரும் போர்க்கொடி தூக்க வேண்டாம். பயணத்துக்குப் பெற்றோர் சம்மதம் கேட்பது நியாயம்தான். கூடவே நாலு கேள்வி கேட்கலாம். போகிற பஸ்ஸின் இன்சூரன்ஸும் எஃப்.சி.யும் நடப்பில் இருக்கிறதா? ஃபீஸில் கட்டும் இன்சூரன்ஸ் எந்த வகை, ஐ.வி. போகும் நாளுக்கும் செல்லுமா? கல்லூரிக்குப் பொறுப்புக் காப்பீடு உண்டா, இல்லையென்றால் அதற்கென்று ஒதுக்கிய பணம் உண்டா? ஆறு, அருவி, கடல் பக்கம் நிறுத்தினால் யார் கூட இறங்குவார்கள்? கிளாஸ் ரெப் மூலமாக ஹெச்.ஓ.டி.யிடம் மரியாதையாகக் கேட்டால் யாரும் கடித்துவிட மாட்டார்கள்.

இந்த செமஸ்டர் கடிதம் மறுபடியும் வந்தது. இந்த முறை வீட்டுக்கு எடுத்துப்போய் அப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "ஏதாவது ஆச்சுன்னா பொறுப்பில்லைன்னு போட்டிருக்கே. அப்ப யாருடா பொறுப்பு?" என்றார்.

அந்தக் கேள்வியைக் கடிதத்தின் பின்பக்கத்தில் பென்சிலில் எழுதிவைத்திருக்கிறேன். திங்கட்கிழமை ஹெச்.ஓ.டி. சாரைப் பார்க்க வேண்டும்.